பெல்ஜியம் மருத்துவமனைக்கு சேலத்திலிருந்து இரவுக் கண்காணிப்பு: சந்தேகம் வந்தால் யாரிடம், எப்போது சொல்வது?

ஜாகீர்_செல்வி

எல்லோருக்கும் வணக்கம். சேலம் ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் ஒரு சின்ன ஐடி கம்பெனியில் இருக்கிறேன், மொத்தம் முப்பது பேருக்குச் சற்று மேல். பெல்ஜியத்தில் உள்ள ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் சர்வர்களை அவர்கள் தூங்கும் நேரத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பேக்கப் ஒழுங்காக ஓடியதா, பழக்கமில்லாத இடத்திலிருந்து யாராவது லாகின் செய்கிறார்களா, ஆன்டிவைரஸ் எதையாவது பிடித்திருக்கிறதா, இந்த மாதிரி வேலை.

போன மாதம் ஒரு ராத்திரி, இங்கே இரண்டு மணி இருக்கும், ஒரு அட்மின் கணக்கு அதுவரை வந்தே இராத ஒரு நாட்டிலிருந்து உள்ளே நுழைந்ததாக அலர்ட் வந்தது. மேலாளரை எழுப்பினோம். உறுதியாகத் தெரியாமல் வாடிக்கையாளரிடம் போகக் கூடாது, காலையில் முழு ரிப்போர்ட்டோடு சொல்லிக்கொள்ளலாம் என்றார். விடிந்ததும் சொன்னோம். பார்த்தால் விடுமுறைக்குப் போயிருந்த அவர்களுடைய ஊழியர்தான், ஒரு சேதமும் இல்லை. ஆனால் அவர்களுக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று நாங்கள் சொல்ல, "ஆகியிருந்தால் எங்களுடைய ஐந்து மணி நேரத்தை நீங்கள் தின்றிருப்பீர்கள்" என்று எழுதியிருந்தார்கள்.

இப்போது ஒப்பந்தத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். சந்தேகம் என்றாலே ஒரு மணி நேரத்துக்குள் போன், அப்புறம் எழுத்தில் தகவல், லாக்குகளை (சர்வரில் நடந்தவற்றின் பதிவுகளை) அழிக்காமல் வைத்திருப்பது, அவர்கள் நாட்டு அமைப்புகள் கேட்டால் ஒத்துழைப்பது. பக்கத்துக்குப் பக்கம் என்ஐஎஸ் 2 என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. செர்ட்-இயூ, எனிசா, சிசர்ட் நெட்வொர்க் என்றெல்லாம் பெயர்கள் வேறு.

என் கேள்வி இதுதான். நாங்கள் ஒரு மணி நேரத்தில் சொன்னால் அதை வைத்து அங்கே யார் யாரிடம் போகிறார்கள்? இவ்வளவு அமைப்புகளில் யார் உண்மையில் கை கொடுப்பவர்? பாதி தெரிந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு அது பொய்யாகிப் போனால் பழி எங்கள் மேல் விழாதா? நம் ஊர் செர்ட்-இன்னுக்கும் (இந்திய அரசின் சைபர் சம்பவ அமைப்பு) சொல்ல வேண்டுமா? மேலாளரிடம் பேச எனக்குச் சரியான விவரம் வேண்டும்.

ஆத்தூர்_லக்சம்பர்க்

செல்வி, நான் ஆத்தூர்க்காரன், இப்போது லக்சம்பர்க்கில் ஒரு கம்பெனியின் இன்சிடென்ட் டீமில் வேலை. உங்கள் வாடிக்கையாளரின் கோபம் எனக்குப் புரிகிறது, ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். செர்ட்-இயூ உங்கள் வாடிக்கையாளருக்கானது அல்ல. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த நிறுவனங்களுக்கானது: ஆணையம், நாடாளுமன்றம், கவுன்சில், மத்திய வங்கி, பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஏஜென்சிகள். 2011ல் ஒரு முன்னோட்டக் குழுவாகத் தொடங்கி 2012ல் நிரந்தரமானது. இந்த நிறுவனங்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் பாதுகாப்பு வைத்துக்கொள்ள வேண்டும், பெரிய சம்பவம் என்றால் செர்ட்-இயூவிடம் 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கை, 72 மணிக்குள் விவரம், ஒரு மாதத்துக்குள் இறுதி அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 2023ல் தனிச் சட்டமே போட்டார்கள், 2024 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் அதன் அதன் வசதிக்கும் பட்ஜெட்டுக்கும் ஏற்றபடிதான் இருந்தது. இப்போது நிறுவனங்களுக்கு இடையே ஒரு பொது வாரியம் உட்கார்ந்து கண்காணிக்கிறது.

மருத்துவமனை, மின்சாரம், ரயில், வங்கி, குடிநீர் என்று வெளியே உள்ளவர்களுக்குத்தான் என்ஐஎஸ் 2. பெல்ஜியத்தில் அது 2024 அக்டோபர் 18 முதல் சட்டம். மருத்துவமனை போக வேண்டிய இடம் அந்த நாட்டு சைபர் பாதுகாப்பு மையம், அதற்குள்தான் அவர்களுடைய தேசிய சிசர்ட் இருக்கிறது. சிசர்ட் என்றால் சம்பவம் நடந்தால் இறங்கி வேலை செய்யும் குழு. ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் ஒன்றாவது உண்டு, அவற்றை எல்லாம் இணைப்பது சிசர்ட் நெட்வொர்க், செர்ட்-இயூவும் அதில் உறுப்பினர். எனிசா என்பது ஏதென்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஏஜென்சி, இந்த நெட்வொர்க்குக்குச் செயலகம் மாதிரி. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் சர்வருக்குள் இறங்கி வேலை செய்ய எனிசா வராது. விஷயம் பல நாடுகளைப் பிடித்து ஆட்டும் அளவுக்குப் போனால் இயூ-சைக்ளோன் என்று இன்னொரு அடுக்கு, அது 2020ல் ஆரம்பித்தது, டெக்னிக்கல் ஆட்களுக்கும் அமைச்சர்களுக்கும் நடுவில் நின்று நிலவரம் என்ன, யார் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று பார்க்கும்.

இந்த அடுக்குகள் ஏன் தேவைப்பட்டன என்று புரிய ஒரு உதாரணம் போதும். 2020 டிசம்பரில் ஐரோப்பிய மருந்துகள் முகமைக்குள் ஊடுருவினார்கள். முகமை ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. போன ஆவணங்கள் ஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசி பற்றியவை, அதாவது பாதிக்கப்பட்டவர்கள் ஒரு அமெரிக்கக் கம்பெனியும் ஒரு ஜெர்மன் கம்பெனியும். குற்ற விசாரணை டச்சு போலீஸிடம். ஒன்றியத்தின் ஏஜென்சி என்பதால் டெக்னிக்கல் உதவி செர்ட்-இயூவின் எல்லைக்குள் வருகிறது. பிறகு அந்த ஆவணங்களில் சிலவற்றை இணையத்தில் விட்டார்கள், விடுவதற்கு முன் திருத்தியும் இருந்தார்கள் என்று முகமையே சொன்னது. நாடே தடுப்பூசிக்காகக் காத்திருந்த நேரத்தில், மாற்றி எழுதப்பட்ட கடிதம் ஒன்று உலவினால் என்ன ஆகும்! ஒருவரோடு ஒருவர் பேசாமல் இந்த நான்கைந்து தரப்பில் எவராலும் தனியாக எதுவும் செய்திருக்க முடியாது.

சரி, உங்கள் கேஸ். மருத்துவமனைக்கும் அதே 24, 72, ஒரு மாதம்தான். பெரிய சம்பவம் என்று அவர்களுக்குத் தெரிய வந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும். 24 மணிக்குள் கொடுக்கும் முதல் எச்சரிக்கையில் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை: வேண்டுமென்றே செய்த வேலை என்று சந்தேகமா, வேறு நாடுகளுக்கும் பரவக்கூடியதா, அவ்வளவுதான். அதற்கு சிசர்ட்டும் முடிந்தால் 24 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், கேட்டால் என்ன செய்யலாம் என்று வழியும் காட்ட வேண்டும். கடமை இரண்டு பக்கமும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. சம்பவம் இரண்டு நாடுகளைத் தொட்டால் அந்த இன்னொரு நாட்டுக்கும் எனிசாவுக்கும் தகவல் போகும். உங்கள் அலர்ட்டில் இருந்த ஒரு ஐபி முகவரி அதே வாரம் போர்த்துகலில் இன்னொரு மருத்துவமனையிலும் தென்பட்டிருக்கலாம். அது சேலத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் தெரியாது, பெல்ஜியத்தில் உள்ள அவர்களுக்கும் தெரியாது, நெட்வொர்க்கில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

சேர்வராயன்_காப்பி

செல்விம்மா, பொதுத்துறை வங்கி ஒன்றில் நெட்வொர்க் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது ஏற்காட்டில். ஆத்தூர்த் தம்பி வரைபடத்தைச் சரியாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் வரைபடம் இருந்தால் மட்டும் ஆட்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள், எனக்கு அதுதான் கவலை.

இந்த ஒத்துழைப்பு சட்டத்தில் ஆரம்பித்ததே இல்லை. 1988ல் மோரிஸ் வார்ம் (கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானே பரவும் நிரல்) வந்தபிறகு அமெரிக்காவில் முதல் செர்ட், அதாவது கம்ப்யூட்டர் அவசர உதவிக் குழு, உண்டானது. அடுத்த வருடமே இன்னொரு வார்ம், நாசாவின் நெட்வொர்க்கைத் தாக்கியது, அப்போது குழுக்கள் பல இருந்தும் ஒருவரை ஒருவர் பிடிக்க முடியவில்லை, நேர வித்தியாசம், மொழி, ஆளுக்கொரு நடைமுறை. அதிலிருந்துதான் 1990ல் ஃபர்ஸ்ட் என்ற உலகக் கூட்டமைப்பு பிறந்தது. ஐரோப்பாவில் 2000ல் டிஎஃப்-சிசர்ட் என்று ஆராய்ச்சி நெட்வொர்க்குகளை நடத்தியவர்களே சேர்ந்து ஒரு வட்டம் அமைத்தார்கள், வருடத்துக்குச் சில முறை நேரில் கூடுவார்கள், புதிதாக ஒரு குழு வந்தால் பழைய குழுக்கள் அதற்குப் பரிந்துரை தர வேண்டும். என்ஐஎஸ் முதல் சட்டம் வந்தது 2016ல். பதினாறு வருடம் சட்டம் இல்லாமலே, முகம் தெரிந்தவர்கள் என்ற ஒன்றை வைத்து நடத்தியிருக்கிறார்கள். 2017 மே 12, வெள்ளிக்கிழமை, வான்னக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வார்ம் வந்து பிரிட்டன் மருத்துவமனைகளும் ஜெர்மன் ரயில் நிலையத்துப் பலகைகளும் ஸ்பெயினில் டெலிஃபோன் கம்பெனியும் ஒரே நாளில் விழுந்தபோது புது சிசர்ட் நெட்வொர்க்குக்குக் கிடைத்த பெரிய முதல் சோதனையில் இந்தப் பழைய பழக்கம்தான் உதவியது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது உங்கள் மேலாளர் விஷயம். 'உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம்' என்பது கெட்ட எண்ணத்தில் வருவதில்லை, மரியாதை போய்விடக் கூடாது என்ற பயம். ஆனால் அவரிடம் மேட்டூரை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் தண்ணீர் திறந்தால் அது மேட்டூர் வந்து சேருமுன்பே காவிரிக் கரையில் எச்சரிக்கை போய்விடும். எத்தனை கன அடி என்ற கணக்கு மணிக்கு மணி மாறும், திருத்தித் திருத்திச் சொல்வார்கள், கணக்கு சரியாகட்டும் என்று முதல் எச்சரிக்கையை யாரும் பிடித்து வைப்பதில்லை.

உங்கள் வாடிக்கையாளர் மருத்துவமனை என்பதால் அயர்லாந்து கதையையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பொது சுகாதார சேவை முழுவதும் 2021 மே 14 அதிகாலையில் கான்ட்டி என்ற கும்பலின் ரான்சம்வேரில் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) விழுந்தது. நாடு முழுக்க கம்ப்யூட்டர்களை அணைத்தார்கள், மருத்துவர்கள் பேப்பரும் பேனாவும் வைத்து வேலை செய்தார்கள், புற்றுநோய்ச் சிகிச்சை தள்ளிப்போனது. அன்றைக்குத் திடீரென்று வந்ததல்ல அது. மார்ச் 18ல் ஒரு ஊழியர் மின்னஞ்சலோடு வந்த எக்செல் ஃபைலைத் திறந்ததில் ஆரம்பித்து எட்டு வாரம் உள்ளேயே உலவியிருக்கிறார்கள். நடுவில் அடையாளங்கள் தெரியாமல் இல்லை. சில மருத்துவமனைகள் தனித்தனியாக எதையோ பார்த்திருக்கின்றன. பாதுகாப்பு மென்பொருள் கொடுத்த கம்பெனி மே 13ல் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அதே நாளில் சுகாதார அமைச்சகத்தில் சந்தேகமான நடமாட்டம் தெரிந்து, அங்கே தாக்குதலைத் தடுத்தும் விட்டார்கள். ஆனால் இந்தத் துண்டுகளை எல்லாம் ஒரு மேசையில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை. வருட இறுதியில் வந்த விசாரணை அறிக்கை இதை விரிவாக எழுதியிருக்கிறது, மறைக்காமல் பொதுவில் வைத்ததற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். சில நாளில் குற்றவாளிகளே டிகிரிப்ஷன் சாவியை இலவசமாகக் கொடுத்தும்கூட முழுதாகச் சரியாக செப்டம்பர் ஆகிவிட்டது.

அந்த எட்டு வாரத்தில் ஏதாவது ஒரு இரவு, ஏதாவது ஒரு ஷிப்டில் இருந்தவர், அரைகுறையாகத் தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் என்று யோசிக்காமல் என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

கொண்டலாம்பட்டி_தறி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் துண்டு, பெட்ஷீட் அனுப்புகிறோம். எங்களுக்கும் இது வருமா? ஒரு பையர் பாதுகாப்புக் கேள்வித்தாள் ஒன்றை அனுப்பியிருக்கிறார்.

ஆத்தூர்_லக்சம்பர்க்

அண்ணா, ஜவுளி அந்தப் பட்டியலிலேயே இல்லை. உற்பத்தியில் மருத்துவக் கருவி, எலக்ட்ரானிக்ஸ், மின்சாதனம், இயந்திரம், வாகனம் போன்றவைதான் உண்டு. பையர் பெரிய குழுமமாக இருந்து எல்லா சப்ளையர்களுக்கும் ஒரே தாளை அனுப்பியிருப்பார். உண்மையைப் பூர்த்தி செய்து கொடுங்கள், இல்லாததை இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இரும்பாலை_ரவி

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் அனுபவம் வேறு. நான் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனிக்கு ஐடி பார்க்கிறேன், ஐரோப்பாவில் மூன்று நாட்டு வாடிக்கையாளர்கள். ஒரே சம்பவத்துக்கு மூன்று விதமான படிவம், மூன்று விதமான கால அவகாசம். என்ஐஎஸ் 2 ஒரு பக்கம், தனிநபர் தரவு என்றால் ஜிடிபிஆர் 72 மணி நேரம் இன்னொரு பக்கம், வங்கி சம்பந்தப்பட்டால் 2025 ஜனவரியிலிருந்து டோரா, அதில் பெரிய சம்பவம் என்று வகைப்படுத்திய நாலு மணி நேரத்தில் முதல் தகவல். நெருப்பை அணைக்க வேண்டியவன் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறான். இதை ஒத்துழைப்பு என்று எப்படிச் சொல்வது? 2024 அக்டோபர் 17க்குள் சட்டம் கொண்டுவர வேண்டிய 27 நாடுகளில் 23 நாடுகளுக்கு அடுத்த மாதமே ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. நாடுகளே நேரத்துக்கு வராதபோது சேலத்தில் உள்ள சின்ன கம்பெனியிடம் ஒரு மணி நேரம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்களைப் போன்ற சப்ளையர்கள் மேல் பாரத்தை இறக்கிவிட்டு, எங்களுக்கு அங்கிருந்து திரும்ப என்ன தகவல் வருகிறது? இதுவரை எங்களுக்கு ஒரு எச்சரிக்கைகூட அங்கிருந்து வந்ததில்லை. நாங்கள் கொடுப்பது மட்டும்தான்.

ஆத்தூர்_லக்சம்பர்க்

ரவி அண்ணா, படிவம் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, இங்கே உள்ளே இருப்பவர்களே அதைத்தான் புலம்புகிறார்கள். அதனால்தான் 2025 நவம்பரில் ஆணையம் வைத்த திட்டத்தில், ஒரே வாசல் வழியாக ஒரு முறை சொன்னால் போதும், அது உரிய இடங்களுக்குப் பிரிந்து போகும், எனிசா அந்த வாசலை நடத்தும் என்று இருக்கிறது. அது முன்மொழிவு மட்டும்தான், நாடாளுமன்றமும் நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சப்ளையர்களுக்குத் திரும்பத் தகவல் வருவதில்லை என்பதில் உங்களோடு நானும் நிற்கிறேன். அதை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும், கேட்காமல் கிடைக்காது. ஆனால் சப்ளையர்களிடம் ஏன் இவ்வளவு எதிர்பார்ப்பு என்பதற்கு 2025 செப்டம்பரைப் பாருங்கள். விமான நிலையங்களில் செக்-இன் செய்ய உதவும் ஒரு மென்பொருள், காலின்ஸ் ஏரோஸ்பேஸ் கொடுப்பது, அது ரான்சம்வேரில் விழுந்ததும் பிரஸ்ஸல்ஸ், பெர்லின், லண்டன் ஹீத்ரோ மூன்றும் ஒரே வார இறுதியில் தடுமாறின. கையால் போர்டிங் பாஸ் எழுதினார்கள். பிரஸ்ஸல்ஸில் திங்கட்கிழமை புறப்பட வேண்டிய விமானங்களில் பாதியை ரத்து செய்யச் சொன்னார்கள். எந்த விமான நிலையத்தையும் யாரும் நேராகத் தாக்கவில்லை. ரான்சம்வேர்தான் என்று பொதுவில் உறுதி செய்தது எனிசா. ஒரு சப்ளையரின் கதவு திறந்தால் மூன்று நாடு நிற்கிறது, அந்த மூன்றில் ஒன்று இப்போது ஒன்றியத்திலேயே இல்லை. செல்வியின் கம்பெனியிடம் அந்த மருத்துவமனையின் அட்மின் சாவி இருக்கிறது. அளவில் சின்னதாக இருக்கலாம், கையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

குகை_மீனா

நான் வக்கீல், ஒப்பந்தங்கள் பார்ப்பது என் வேலை. செல்வி கேட்டதில் பழி யார் மேல் என்பதற்கு யாரும் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

என்ஐஎஸ் 2ன் 23வது பிரிவிலேயே, தகவல் சொன்ன ஒரே காரணத்துக்காகச் சொன்னவரின் பொறுப்பு கூடாது என்று எழுதியிருக்கிறது. சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து: மருத்துவமனை போன்ற முக்கிய நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 2 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். ஆனால் கவனியுங்கள் செல்வி, அந்தப் பாதுகாப்பு மருத்துவமனை சிசர்ட்டிடம் சொல்வதற்குத்தான். நீங்கள் மருத்துவமனையிடம் சொல்வதற்கு அது தானாக ஒட்டாது. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: நல்லெண்ணத்தில் முன்கூட்டியே சொன்ன சந்தேகம் பிறகு பொய் என்று தெரிந்தால் அதற்காக அபராதமோ, பணம் பிடித்தமோ, தரக் குறைப்போ கிடையாது. இதைக் கேட்டால் நல்ல வாடிக்கையாளர் மறுக்க மாட்டார், அவருக்கும் அதுதான் வேண்டும். இந்த வரி இல்லாமல் ஒரு மணி நேரக் கெடுவில் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் மேலாளரின் பயத்துக்கு மருந்து இதுதான், அறிவுரை சொல்லி அது போகாது.

நோயாளிகளின் விவரம் சம்பந்தப்பட்டால் ஜிடிபிஆரில் உங்கள் கம்பெனி மருத்துவமனைக்காகத் தரவைக் கையாளும் தரப்பு. தாமதமில்லாமல் அவர்களிடம் சொல்ல வேண்டியது ஏற்கெனவே சட்டக் கடமை, புது ஒப்பந்தம் அதற்கு ஒரு மணி நேரம் என்று எல்லை போடுகிறது, அவ்வளவுதான்.

என்ஐஎஸ் 2 உங்களை நேரடியாகப் பிடிக்குமா என்பது இன்னொரு கேள்வி. அடுத்தவரின் சர்வர்களை நிர்வகிக்கும் கம்பெனிகளும் அதில் உண்டு, ஒன்றியத்துக்கு வெளியே இருந்துகொண்டு அங்கே சேவை கொடுத்தால் அங்கே ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். பொதுவாக 50 பேரிலிருந்துதான் அந்த வளையம் தொடங்குகிறது. முப்பது சொச்சம் பேர் என்றால் இப்போதைக்கு ஒப்பந்தம் வழியாக மட்டும். ஆள் சேர்க்கும்போது இதை மறக்க வேண்டாம்.

இப்போது நம் பக்கம். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல் போட்ட உத்தரவுப்படி குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை, கண்ணில் பட்ட ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சேலத்தில் உள்ள உங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் யாராவது புகுந்து அதன் வழியாக பெல்ஜியத்துக்குப் போனால் சந்தேகமே இல்லை, நீங்கள் செர்ட்-இன்னிடம் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் ரகசியம் என்று எழுதியிருப்பது சட்டக் கடமையை அழிக்காது. அதனால் ரகசியப் பிரிவில், சட்டப்படி இந்திய அமைப்புகளிடம் சொல்ல வேண்டியது இதில் சேராது என்று ஒரு விலக்கு இருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள், சம்பவம் நடந்த இரவில் முதன்முறையாகக் கேள்விப்பட்டால் அவர் பதறிப்போவார். சம்பவம் முழுக்க அவர்களுடைய சர்வரில் மட்டும் என்றால் கதை வேறு, அதை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஜாகீர்_செல்வி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மீனா அக்கா சொன்ன வரியை மேலாளரிடம் காட்டினேன், 'இது இருந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை, ஐந்து நிமிடத்தில்கூட போன் செய்யலாம்' என்றார். அவரை எதிரி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தது தப்பு என்று தோன்றுகிறது, அவருக்கும் யாரும் பாதுகாப்பு தரவில்லை.

ஆத்தூர் அண்ணா, இன்னும் இரண்டு கேட்கிறேன். அந்த முதல் போனில் என்ன சொல்வது? எங்களில் பாதிப் பேருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஆங்கிலத்தில் பேசவே தயக்கம். அப்புறம் ஒப்பந்தத்தில் டிஎல்பி ஆம்பர் என்று இருக்கிறது, நிறத்தை வைத்து என்ன செய்வது?

ஆத்தூர்_லக்சம்பர்க்

டிஎல்பி என்பது ஒரு தகவலை யாரிடம் வரை சொல்லலாம் என்று அதன் தலையிலேயே எழுதி வைக்கும் முறை, ஃபர்ஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது, 2022ல் புதுப்பித்தார்கள். சிவப்பு என்றால் அந்தப் போனில், அந்த அறையில் இருந்தவர்களோடு சரி. ஆம்பர் என்றால் உங்கள் கம்பெனியில் தெரிந்தே ஆக வேண்டியவர்களும், அது தேவைப்படும் உங்கள் வாடிக்கையாளர்களும். ஆம்பர் ஸ்ட்ரிக்ட் என்று இருந்தால் உங்கள் கம்பெனிக்குள் மட்டும். பச்சை என்றால் துறைக்குள், பொதுவெளியில் போடக் கூடாது. கிளியர் என்றால் யாரிடமும். இது சட்டம் இல்லை, ஆனால் ஒருமுறை மீறினால் அடுத்த முறை உங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சேர்வராயன் ஐயா சொன்ன முகம் தெரிந்த பழக்கத்தை முகம் தெரியாதவர்களுக்கும் நீட்டிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி இது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் முதல் வரியிலும் நிறத்தைப் போட்டுவிடுங்கள்.

ரவி அண்ணா கேட்ட திரும்ப வரும் தகவலுக்கும் ஒரு வழி இருக்கிறது. மிஸ்ப் என்று ஒரு இலவச மென்பொருள், பெல்ஜியம் ராணுவத்தில் 2011 வாக்கில் பிறந்தது, இப்போது முக்கியமாக இங்கே லக்சம்பர்க்கில் சர்க்கிள் என்ற குழு வளர்க்கிறது. சந்தேகமான ஐபி, ஃபைல் ஹாஷ் (ஒரு ஃபைலின் கைரேகை மாதிரி), டொமைன் பெயர் இதையெல்லாம் அதில் பகிர்ந்துகொள்வார்கள், யாரோடு பகிர்வது என்பதையும் அதிலேயே அடைக்கலாம். மருத்துவமனை அதைப் பயன்படுத்தினால், படிக்க மட்டும் ஒரு கணக்கு கொடுங்கள் என்று கேளுங்கள். அவர்களுடைய எச்சரிக்கை உங்கள் ஷிப்டுக்கும் வந்து சேரும்.

முதல் போனுக்கு அழகான ஆங்கிலம் தேவையில்லை. ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். நான் யார், எந்தக் கம்பெனி. எந்த நேரத்தில் பார்த்தோம், அதை உலகப் பொது நேரத்தில் சொல்லுங்கள், இந்திய நேரம் பெல்ஜிய நேரம் என்று குழப்ப வேண்டாம். எந்தக் கணக்கு, எந்த சர்வர். நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, இரண்டையும் தனித்தனியாக. இதுவரை எதையாவது நிறுத்தினோமா, மாற்றினோமா. அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. காரணம் என்னவாக இருக்கும் என்ற ஊகத்தை அந்தப் போனில் சேர்க்காதீர்கள், பதற்றத்தில் ஊகம் உண்மையாகக் காதில் விழும். சர்வரை உடனே ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சொல்கிறவர்கள் உண்டு, அதனால் மெமரியில் இருந்த தடயம் எல்லாம் போய்விடும், அவர்கள் சொல்லாமல் எதையும் தொட வேண்டாம் என்றும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

சேர்வராயன்_காப்பி

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த எண்ணை ராத்திரியில் யாராவது எடுக்கிறார்களா என்று ஒருமுறை அடித்துப் பார்த்தார்களா? தாக்குதல் நடந்தால் மருத்துவமனையின் மின்னஞ்சலும் நெட்வொர்க் போனும் சேர்ந்தே விழும், அயர்லாந்தில் அதுதான் ஆனது. அதனால் கைபேசி எண்கள், குறைந்தது இரண்டு பேருடையது, பேப்பரில் இருக்க வேண்டும்.

ஆத்தூர்_லக்சம்பர்க்

ஆமாம் ஐயா, கட்டாயம். எனிசா 2010லிருந்து சைபர் யூரோப் என்று இதற்காகவே ஒத்திகை நடத்துகிறது, 2018ல் விமானத் துறை, 2022ல் சுகாதாரம், 2024ல் எரிசக்தி. செல்வி, உங்கள் மருத்துவமனையிடம் அந்த அளவுக்குக் கேட்க வேண்டாம், ஒரு இரவு, உங்கள் ஷிப்ட் நேரத்தில், முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு ஒரு பொய்ச் சம்பவத்துக்கு நிஜமாகப் போன் செய்து பார்க்க அரை மணி நேரம் கேளுங்கள். தேதி குறிக்கும்போது மட்டும் கவனம்: மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் நாலரை. உங்கள் ஷிப்ட் அட்டவணையில் அந்த மாற்றம் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.